மாவட்ட ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்: எங்கள் டிரோன் வனச்சரக அலுவலகத்தில் இருக்கிறது

மாவட்ட அளவிலான வன உரிமைக் குழுவின் தலைவராகிய மதிப்புக்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம்.

எங்கள் மனுவின் கதை உங்கள் அலுவலகத்திலேயே கோப்பாக இருக்கிறது. அதை முதலிலிருந்து சொல்லி உங்கள் நேரத்தை எடுக்கப்போவதில்லை. சமூக வன வள உரிமை, அதாவது ஊரே சேர்ந்து காட்டைக் காத்துப் பயன்படுத்தும் உரிமை கேட்டு எங்கள் கிராம சபை கொடுத்த படிவம் 'சி', "வரைபடம் தெளிவாக இல்லை, எல்லை துல்லியமாகக் குறிக்கப்படவில்லை" என்ற ஒரே வரியோடு உட்கோட்டக் குழுவிலிருந்து திரும்பி வந்தது. சரி, தெளிவாகவே வரைந்து தருவோம் என்று வேலையில் இறங்கினோம். வேலை முடியும் நேரத்தில், அதற்காக நாங்கள் செய்த டிரோனை வனத்துறை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கூடவே மெமரி கார்டையும்.

கேட்பது இரண்டே இரண்டு. டிரோனையும் மெமரி கார்டையும் திருப்பித் தரச் சொல்லுங்கள். அதிலுள்ள படங்களைக் கொண்டு நாங்கள் தரும் வரைபடத்தைச் சான்றாக ஏற்று, மனுவை மறுபடி எடுங்கள்.

டிரோன் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். பிளைவுட் சட்டம், நான்கு மோட்டார், யாரோ விற்றுவிட்டுப் போன பழைய கட்டுப்பாட்டுப் பலகை, அடியில் ஒரு சின்ன கேமரா, அவ்வளவுதான். ஐடிஐயில் எலக்ட்ரீசியன் படித்த ஒரு பையனும், டவுனில் செல்போன் கடையில் வேலை பார்க்கும் இன்னொரு பையனும் சேர்ந்து செய்தது. முதல்முறை தரையில் மோதி ஒரு கால் உடைந்தது. அந்த இடத்தில் இப்போது மூங்கில் பட்டை இருக்கிறது. உங்கள் அலுவலர்கள் கையில் இருப்பது அதுதானா என்று சந்தேகம் வந்தால் அந்தக் காலைப் பாருங்கள். பறப்பதற்கு ஆர்டுபைலட், படங்களை ஒட்டுவதற்கு ஓப்பன்டிரோன்மேப். இரண்டும் காசில்லாமல் கிடைக்கும் மென்பொருள்கள். ஒரு படத்தின் முக்கால் பங்கு அடுத்த படத்திலும் விழுகிற மாதிரி வரிசையாக எடுத்துக்கொண்டே போக வேண்டும். பிறகு இரவல் லேப்டாப் ஒன்று விடிய விடிய அவற்றைக் கோத்து ஒரே படமாக்கும். மேலிருந்து பார்த்தால் அடையாளம் தெரிய வேண்டுமே என்று, எல்லையில் இருக்கும் பாறைகளில் சுண்ணாம்பால் பெருக்கல் குறி போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஜிபிஎஸ் அளவு எடுத்து வைத்திருக்கிறோம்.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்கலாம். வன உரிமைச் சட்டத்தின் விதிகளில், வனத்துறை வரைபடத்தையும் வருவாய்த்துறை வரைபடத்தையும் கிராம சபைக்கோ வன உரிமைக் குழுவுக்கோ உட்கோட்டக் குழுவே தர வேண்டும் என்று இருக்கிறது. எழுத்தில் கேட்டோம். வரவில்லை. நேரில் போய்க் கேட்டதற்கு, "காப்புக்காட்டு மேப்பை எல்லாம் வெளியாட்களுக்குக் கொடுக்க முடியாது" என்றார்கள். வெளியாள் யார் என்பதை அந்த மேசைக்கு எதிரில் நின்றுகொண்டே யோசித்துப் பார்த்தேன், பிடிபடவில்லை. அந்த வரைபடம் கையில் இல்லாமல்தான் செல்போனைத் தூக்கிக்கொண்டு எல்லையை நடந்து குறித்தோம். சோலைக்குள் நுழைந்தால் ஜிபிஎஸ் பத்து மீட்டர், பதினைந்து மீட்டர் தாவுகிறது. ஓடைக்கு இந்தப் பக்கம் நிற்கிறவனை அந்தப் பக்கம் காட்டுகிறது. யானை நிற்கிற பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு போனால், சுற்றிய இடமும் எல்லையாகவே பதிவாகிறது. அந்தக் கோணல் கோட்டைத்தான் உட்கோட்டக் குழு தெளிவாக இல்லை என்று திருப்பி அனுப்பியது. அதில் எனக்கு வருத்தமில்லை, கோடு கோணல்தான். வரைபடத்தைத் தர மறுத்தவர்களும் வரைபடம் சரியில்லை என்று எழுதியவர்களும் ஒரே குழுவில் உட்கார்ந்திருக்கிறார்களே, அதில்தான் வருத்தம்.

டிரோன் படத்தை முதன்முதலாகப் பெரிதாக அச்சடித்துப் பள்ளிக்கூடத் திண்ணையில் விரித்த அன்று நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எங்கள் இருளர் பதியில், அதாவது எங்கள் மலைக் குடியிருப்பில், வயதான யாரும் வீட்டில் இல்லை, எல்லாரும் திண்ணையில்தான். மேலிருந்து தங்கள் மலையை அவர்கள் பார்த்ததே இல்லை. கொஞ்ச நேரம் யாருக்கும் திசை தெரியவில்லை. ஒரு பாட்டி ஓடை வளைவைக் கண்டுபிடித்தார். அதற்குப் பிறகு நிறுத்தவே முடியவில்லை. சீமாறு அறுக்கிற சரிவு, கடுக்காய் பொறுக்குகிற மேடு, தேன் பாறை, சாமி கல் என்று விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. பதியின் தலைவரான மூப்பர் மட்டும் பேசாமல் ஓர் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கரும்பச்சையாக, வட்டமாக, சுற்றியுள்ள காட்டோடு ஒட்டாமல் தனியாக நின்ற மரங்கள். "புளி" என்றார். காட்டுக்குள் அப்படி வட்டமாகப் புளியமரம் தானாக முளைக்காது. தாத்தா காலத்தில் எங்கள் ஆட்களைக் கீழே இறக்கிவிடுவதற்கு முன் இருந்த பழைய பதி அது. மறுநாள் போய்ப் பார்த்தோம். உண்ணிச்செடி மூடிய கல் அடித்தளங்களும், அதற்கு மேற்கே புதைகுழிக் கற்களும் இருந்தன.

விதிகளைப் படித்தவர் நீங்கள். பழைய குடியிருப்பு, கிணறு, புதைகுழி, வழிபாட்டிடம் எல்லாம் சான்று. மனுதாரர் அல்லாத பெரியவர்கள் சொல்லி எழுதிக்கொண்ட வாக்குமூலமும் சான்று. 2012-இல் திருத்திய விதிகள், செயற்கைக்கோள் படமும் பிற தொழில்நுட்பமும் மற்ற சான்றுகளுக்குத் துணை நிற்கலாம், அவற்றுக்கு மாற்றாக வைக்கக் கூடாது என்கின்றன. நாங்கள் செய்ததும் அதுவேதான். பெரியவர்கள் சொன்னதற்குப் படத்தைத் துணையாக வைத்தோம். அந்தப் புளியந்தோப்பின் நல்ல படங்கள் எல்லாம் அந்த மெமரி கார்டில் இருக்கின்றன. தயவுசெய்து அதைத் திருப்பித் தரச் சொல்லுங்கள்.

இனி ஜீப் விஷயம். பறித்துக்கொண்டு போனவர்கள் மகஜர், அதாவது எதை எடுத்தார்கள் என்ற பறிமுதல் குறிப்பு, எழுதவில்லை. ரசீது கேட்டதற்கு "ஆபீஸுக்கு வா" என்றார்கள். போனோம், "மேலே எழுதியிருக்கிறோம்" என்றார்கள். எந்த மேலே என்று தெரியாததால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். டிரோனைத் தூக்கி ஜீப்பில் வைத்தவர் எங்கள் பதியைச் சேர்ந்த வேட்டைத் தடுப்புக் காவலர். டிரோன் செய்த பையனின் சித்தப்பா மகன். அன்று சாயங்காலம் அவன் பதிக்குள் வராமல் கீழே சோதனைச் சாவடியிலேயே படுத்துக்கொண்டான். அவன்மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்த வேலையை அவனிடம் கொடுத்தவருக்கு அவன் யார் வீட்டுப் பிள்ளை என்று நன்றாகவே தெரியும்.

"காட்டைப் படம் எடுக்க யார் அனுமதி கொடுத்தது?" என்று கேட்டார்கள். பறக்கவிடுவதற்கு முன்பே அனுமதி கேட்டு எழுதியிருந்தோம். அதற்கு இன்றுவரை பதில் இல்லை. 2021 டிரோன் விதிகளின்படி இரண்டு கிலோவுக்கு உட்பட்ட டிரோனை வணிக நோக்கமில்லாமல் ஓட்ட, ஓட்டுபவருக்கு உரிமம் தேவையில்லை. பதிவு, சான்று என்று வேறு எது வேண்டுமென்றாலும் எங்கே விண்ணப்பிப்பது என்று சொல்லுங்கள், அன்றைக்கே விண்ணப்பிக்கிறோம். ஆனால் ஒன்று கேட்கலாம் அல்லவா? அணைக்குப் பக்கத்து மேட்டில் ஞாயிற்றுக்கிழமைதோறும் கல்யாண ஜோடிகளின் தலைக்கு மேல் டிரோன் பறக்கிறது. மலையடிவாரச் சொகுசு விடுதிகளின் விளம்பரங்களில் இதே காடு, இதே உயரத்திலிருந்து, பின்னணி இசையோடு வருகிறது. அவை எதுவும் ஜீப்பில் ஏறியதாக நான் கேள்விப்படவில்லை. மாப்பிள்ளை, பொண்ணு யாராவது ஒருவரை நிற்க வைத்து நாங்களும் எடுத்திருந்தால் விட்டிருப்பார்களோ என்னவோ.

வனத்துறைக்கு டிரோன் புதிதும் இல்லை. 2021-இல் கூடலூர், மசினகுடிப் பக்கம் டி23 புலியைத் தேடியபோது டிரோன்கள் பறந்ததை நாடே செய்தியில் பார்த்தது. அது தேவையான வேலை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் உத்தராகண்டின் கார்பெட் காப்பகத்தில் வேறொன்று நடந்திருக்கிறது. காட்டில் விறகும் புல்லும் சேகரிக்கப் போன பெண்களை விரட்டுவதற்காக அவர்கள் தலைக்கு மேலே வேண்டுமென்றே டிரோன் பறக்கவிட்டதை, 2024 நவம்பரில் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. விலங்குகளுக்காக வைத்த கேமராவில், காட்டில் ஒதுங்கப் போன ஒரு பெண் பதிவாகி, அந்தப் படம் வாட்ஸ்அப்பில் சுற்றியதையும் அதே ஆய்வு சொல்கிறது. எங்கள் பெண்களும் அதே போலத்தான் காட்டுக்குப் போகிறார்கள். எங்கள் டிரோன் பறக்கும் நாளை முந்தின இரவே பதி முழுக்கச் சொல்லிவிடுவோம். பெண்கள் எந்தப் பக்கம் போகிறார்களோ அந்தப் பக்கம் போகாது. இந்த ஏற்பாட்டை எங்களுக்கு எந்தத் துறையும் சொல்லித்தரவில்லை.

தென் அமெரிக்காவின் கயானாவில் வாப்பிச்சான் மக்கள் 2014 வாக்கில், இணையத்தில் வீடியோ பார்த்துத் தாங்களே ஒரு டிரோன் கட்டினார்கள். தங்கள் காட்டில் திருட்டுத்தனமாக மரம் வெட்டுவதையும், தங்கச் சுரங்கக் கழிவு ஆறு தொடங்கும் இடத்தில் கலப்பதையும் அதில் படம் பிடித்தார்கள். ஈக்வடாரில் சினாங்கோயே என்ற ஊரின் கோஃபான் மக்கள், காட்டுக் காவலுக்குத் தாங்களே ஆள் போட்டு, கேமராவும் டிரோனும் வைத்துச் சேர்த்த சான்றுகளோடு நீதிமன்றம் போனார்கள். 2018-இல் 52 தங்கச் சுரங்க அனுமதிகள் ரத்தாயின. அங்கே நீதிமன்றத்தில் நின்ற சான்று, இங்கே வனச்சரக அலுவலகத்தில் பூட்டிய அலமாரிக்குள் கிடக்கிறது.

சொல்லாமல் விட நினைத்தேன், மனசு கேட்கவில்லை. அந்தக் கார்டில் புளியந்தோப்பு மட்டும் இல்லை. காப்புக்காட்டு எல்லைக் கல்லுக்கு உள்பக்கம் செம்மண் வெட்டிய பள்ளங்களும், அவற்றுக்கு வந்துபோன டிப்பர் லாரித் தடமும் அதில் இருக்கின்றன. தரையிலிருந்து பார்த்தால் உண்ணிப் புதர் மறைக்கும். மேலிருந்து பார்த்தால் பச்சை நடுவே சிவப்பாகத் தெரிகிறது. அந்தப் படங்களை நாங்களே கொண்டுபோய் வனத்துறையிடம் காட்டினோம், அவர்கள் மகிழ்வார்கள் என்று நினைத்து. டிரோன் பறிபோனது அதற்குப் பிறகு. இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று நான் எழுதவில்லை. வரிசையை மட்டும் எழுதுகிறேன்.

வன உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு காட்டையும் காட்டுயிரையும் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்குக் கொடுக்கிறது. அதன் முகப்புரையில் "வரலாற்று அநீதி" என்ற சொல்லை நாடாளுமன்றமே எழுதிவைத்தது, 2006-இல். அதன் பிறகும், தமிழ்நாட்டில் பட்டா கொடுப்பதற்கு உயர் நீதிமன்ற உத்தரவு தடையாக நின்று 2016-இல்தான் வழி திறந்தது. அதற்குள் எங்கள் பதியில் எல்லையைக் கால்களால் அறிந்த தலைமுறையில் பாதிப்பேர் போய்விட்டார்கள். மிச்சமிருப்பவர்கள் சொல்லச் சொல்லத்தான் இந்தப் படத்தில் பெயர் எழுதிக்கொண்டிருந்தோம். கிழக்குச் சரிவு இன்னும் பெயரில்லாமல் கிடக்கிறது. கூட்டம், தணிக்கை, மாநாடு என்று வந்தால் "பழங்குடியினர் பங்கேற்போடு" என்று பேனர் அடிக்கிறீர்கள், எங்களைப் பறை அடிக்கக் கூப்பிடுகிறீர்கள், உலகப் பழங்குடியினர் நாளன்று சால்வை போடுகிறீர்கள். மூப்பர் வீட்டில் சால்வை மட்டும் ஒரு பெட்டி நிறைய இருக்கிறது.

கேட்க வந்ததை விட்டு எங்கேயோ போகிறேன். மறுபடி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்: டிரோனையும் மெமரி கார்டையும், எதையும் அழிக்காமல், எழுத்துமூலமான ஒப்புகையோடு எங்கள் வன உரிமைக் குழுவிடம் ஒப்படைக்க உத்தரவிடுங்கள். எடுத்தது சரி என்று துறை நினைத்தால், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் எடுத்தார்கள் என்று எழுதிக் கொடுக்கட்டும், அதற்கு உரிய இடத்தில் பதில் சொல்கிறோம். வனத்துறை, வருவாய்த்துறை வரைபடங்களின் நகலைத் தரச் சொல்லுங்கள்; எங்கள் படத்தை அதன்மேல் வைத்துப் பார்த்தால் எது கோணல் என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். கூட்டு ஆய்வுக்கு நாள் குறித்தால் உங்கள் சர்வேயரோடு எல்லை முழுக்க நடக்க எங்கள் ஆட்கள் வருவார்கள். தேதியை மட்டும் ஒரு வாரம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். எல்லாரும் எஸ்டேட் கூலி வேலைக்குப் போகிறவர்கள், முந்தின நாள் சொன்னால் லீவு கிடைக்காது.

இப்படிக்கு,
செயலாளர்,
கிராம சபை வன உரிமைக் குழு

பி.கு.: டிரோனோடு போன பேட்டரி லித்தியம் பாலிமர் வகை. வெயில் படும் ஜன்னலோரத்தில் வைக்க வேண்டாம் என்று அலுவலகத்தில் சொல்லுங்கள். உப்பியிருந்தால் யாரும் குத்தியோ அழுத்தியோ பார்க்க வேண்டாம், தீப்பிடிக்கும். எங்கள் பையன்களைக் கூப்பிட்டால் வந்து எடுத்துக்கொள்வார்கள்.