அப்பா என்று அழைக்கப் பழகும் தம்பிக்கு

கிறிஸ்துவுக்குள் அன்பான தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஞானஸ்நானம் பெற்று மூன்று மாதங்கள் ஆன பின்னும் குடியாத்தம் கடைத்தெருவில் உன்னைக் குடிகாரன் மகன் என்றே சொல்கிறார்கள் என்றும், இரவில் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் இப்போதும் நெஞ்சு பதறுகிறது என்றும் எழுதி, இதுதான் விடுதலையா என்று கேட்டிருந்தாய். இதே கேள்வியோடு ஆலயத்தின் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிற வேறு சிலரையும் நான் அறிவேன். ஆகவே உன் பெயரைச் சொல்லாமல் எல்லாரும் படிக்கும்படி பதில் எழுதுகிறேன்.

அந்தச் செருப்புச் சத்தம் எனக்கும் தெரியும். அப்பா தறியை விற்றுக் குடித்த வருடம் உனக்கு ஆறு வயது. தெருமுனையில் கேட்கும் நடையை வைத்தே அன்றைய இரவு எப்படிப் போகும் என்று கணித்து, உன்னைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுத் திண்ணைக்கு ஓடியவள் நான். பின்னாளில் ஜெபிக்கத் தொடங்கியபோது கர்த்தரே என்றும் ஆண்டவரே என்றும் என்னால் சொல்ல முடிந்தது. பிதாவே என்ற சொல் மட்டும் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

ரோமர் நிருபத்தின் எட்டாம் அதிகாரத்தில், திரும்பவும் பயப்படுகிறதற்கு நாம் அடிமைத்தனத்தின் ஆவியைப் பெறாமல், 'அப்பா பிதாவே' என்று கூப்பிடப்பண்ணுகிற புத்திரசுவிகாரத்தின் ஆவியைப் பெற்றோம் என்று பவுல் எழுதுகிறார். கிரேக்கத்தில் எழுதியவர், இயேசு பேசிய அரமேய மொழிச் சொல்லான 'அப்பா'வை அங்கே அப்படியே வைத்திருக்கிறார். கெத்செமனேயில் வியாகுலப்பட்டபோது இயேசுவும் அந்தச் சொல்லால்தான் ஜெபித்தார் என்று மாற்கு சொல்கிறார். அது நம் வீட்டுச் சொல்லைப் போலவே ஒலிப்பதை எண்ணி நான் பலமுறை அழுதிருக்கிறேன். புத்திரசுவிகாரம் என்றால் தத்தெடுப்பு. ரோமச் சட்டப்படி தத்தெடுக்கப்பட்டவன் பழைய அதிகாரத்தின் கீழிருந்து நீங்கிப் புதிய தகப்பனின் வாரிசாகிறான். அதற்கு அவன் முதலில் பயத்தை விட்டிருக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை.

பயம் இன்னும் இருப்பதால் விடுதலை கிடைக்கவில்லை என்று நீ முடிவு செய்வதைத்தான் நான் ஏற்கவில்லை. 1955 முதல் வேலூருக்கு அருகே கரிகிரியில் தொழுநோயாளிகளுக்கு நடந்துவரும் பணியை நீ அறிவாய். 1946-இல் வேலூருக்கு வந்த மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன கைகளைத் தசைநாண்களை இடம்மாற்றிச் சீரமைக்கும் முறையை இந்த மண்ணில்தான் வளர்த்தார். மோதிர விரலை மடக்கும் தசைநாண்களில் ஒன்றை எடுத்துக் கட்டைவிரலோடு இணைத்தால், நோயாளி மோதிர விரலை மடக்குவதாக நினைக்கும்போது கட்டைவிரல் அசையும். கட்டுப் பிரித்த அன்று அவருக்கு அது தம்முடைய கை என்றே தோன்றாது. பிசியோதெரபியில் வாரக்கணக்காகப் பழகிய பிறகே டம்ளரைப் பிடிப்பார். ஆனால் அறுவைச் சிகிச்சை முன்பே முடிந்துவிட்டது. பழகுவதால் அது நடப்பதில்லை, நடந்துவிட்டதால்தான் பழக முடிகிறது.

கடைத்தெரு சொல்வதைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு இல்லை. அவர்கள் சொல்வது பொய்யுமல்ல. நாம் நம் அப்பாவின் பிள்ளைகள்தான். ஆனால் உன்னைப் பற்றிய கடைசிச் சொல் அது அல்ல. 'உன்னைப் பேர்சொல்லி அழைத்தேன். நீ என்னுடையவன்' என்று ஏசாயாவில் சொன்னவர் உன் பூர்வீகத்தை அறிந்தே அழைத்தார்.

தொண்டையில் நின்றுவிட்ட அந்தச் சொல்லை நான் சொல்லிப் பழக ஏறக்குறைய இரண்டு வருடங்கள் ஆயின. ஒருநாள் அடுப்படியில் அரிசி களையும்போது, யோசிக்காமலே, அப்பா என்று ஜெபம் தொடங்கியது. அன்று மாலைதான் பல மாதங்களுக்குப் பிறகு நம் அப்பாவுக்குப் போன் செய்தேன். அவர் பேசவில்லை, நானும் அதிகம் பேசவில்லை.

வருகிற செவ்வாய்க்கிழமை அவரைக் கல்லீரல் பரிசோதனைக்கு வேலூருக்கு அழைத்து வர வேண்டும். தனியாகப் பேருந்து ஏற அவரால் முடியவில்லை. காட்பாடி வரை நீ கூட வந்தால், அங்கிருந்து நான் பார்த்துக்கொள்கிறேன். முடியாது என்றால் எழுது, வருத்தப்பட மாட்டேன்.

அன்புடன்,
உன் அக்கா