குதிரைக்கு ஒரு கால்தான் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் ஊர்க் கோயில் வாகனசாலையில் ஒரு மரக்குதிரை நிற்கிறது. நிற்கிறது என்று சொல்வது ஒரு பேச்சுக்குத்தான், சுவரோடு சாய்த்து வைத்திருக்கிறார்கள். முன்னங்கால் ஒன்று இல்லை. வயிற்றுப் பக்கம் கறையான் அரித்திருக்கிறது. என் அப்பு இலுப்பை மரத்தில் செதுக்கிய குதிரை அது. வேட்டைத் திருவிழாவுக்கு அம்மன் அதில்தான் வருவா. 2009இல் போருக்குப் பயந்து எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுப் போனோம். மீண்டு வந்து பார்த்தபோது கூரை இல்லாத சாலைக்குள் மழையில் ஊறிக் கிடந்தது.

அதைக் கழித்துவிட்டு பைபரில் புதுக்குதிரை எடுப்பதென்று சபைக் கூட்டத்தில் முடிவாகியிருக்கிறது. நானும் வாகனத் தச்சன்தான், எழும்பி, திருத்தலாம் என்றேன். "உங்களுக்கு வேலை வேணும் எண்டதுக்காகச் சொல்லாதேங்கோ" என்றார் ஒருவர். சபை சிரித்தது, நானும் இருந்துவிட்டேன். அன்றைக்கு வாயில் வராததை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகன் யப்பானில் உத்சுனோமியா என்ற நகரத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறான். போன கார்த்திகையில் என்னை ஒரு மாதத்துக்குக் கூப்பிட்டிருந்தான். குளிருக்குப் பயந்து பாதி நாள் போர்வைக்குள்ளேயே கழிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, "அப்பா, உங்கட வேலையைக் காட்டுறன் வாங்கோ" என்று ரயிலில் ஏற்றினான். முக்கால் மணித்தியாலத்தில் நிக்கோ. மலையூர். அங்கே காட்டுக்குள் தோஷோகு என்ற கோயில் இருக்கிறது, யப்பான்காரரின் பழைய சமயமான ஷின்டோவின் கோயில்.

நீண்ட காலம் சண்டையில் கிடந்த யப்பானை ஒரு குடைக்குள் கொண்டுவந்த தொகுகவா இயெயசு 1616இல் இறந்தார். அடுத்த வருடம் அவரை இந்த மலையில் தெய்வமாக வைத்தார்கள். வீரனுக்கு நடுகல் வைத்துக் கும்பிட்ட எங்களுக்கு இது புதினமில்லை. பேரன் இயெமித்சு, தாத்தாவின் கோயில் போதாதென்று 1634இல் தொடங்கி 1636இல் இன்றைக்கு நிற்கிற பெரிய வேலையை முடித்திருக்கிறார். ஒன்றரை வருடம்கூட எடுக்கவில்லையாம். எங்கள் கோயில் மடப்பள்ளிக் கூரைக்கு எவ்வளவு காலம் எடுத்தது என்பதை ஊரார் அறிவார்கள்.

வாசலால் உள்ளே போனோம். முதலில் கண்ணில் பட்டது பூச்சே இல்லாத ஒரு சின்னக் கட்டடம். மற்ற எல்லாவற்றிலும் அரக்கும் பொன்னும் சிவப்பும் மின்னுகிறது, இது மட்டும் வெறும் மரம். குதிரைக் கொட்டில் என்றான் மகன். சாமிக்கு நேர்ந்த குதிரையைக் கட்டுகிற இடம். அதன் நெற்றியில்தான் அந்த மூன்று குரங்குகள் இருக்கின்றன: கண்ணைப் பொத்தியது, வாயைப் பொத்தியது, காதைப் பொத்தியது. காந்தியின் மேசையில் இருந்த பொம்மையென்று பள்ளிக்கூடத்தில் படித்தவை! குரங்கு இருந்தால் குதிரைக்கு நோய் அண்டாது என்று அந்தக் காலத்தில் நம்பியிருக்கிறார்கள், அதனால்தான் கொட்டிலில் குரங்கு. மூன்றோடு முடியவுமில்லை. எட்டுப் பலகைகள். குட்டிக் குரங்கிலிருந்து தொடங்கி வளர்ந்து, காதலித்து, வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவரை ஒரு முழு வாழ்க்கை ஓடுகிறது. சனம் அந்த ஒரு பலகைக்கு முன்னால்தான் நெருக்குப்படுகிறது. நான் மற்ற ஏழையும் ஆறுதலாகப் பார்த்தேன்.

எதிர்ப்பக்கம் ஒரு களஞ்சியம். அதன் முகட்டுக்குக் கீழே இரண்டு யானைகள். பார்த்ததும் சத்தமாகச் சிரித்துவிட்டேன், பக்கத்தில் நின்ற யப்பான்காரப் பெண் திரும்பிப் பார்த்தா. அதற்கு மாதிரி வரைந்து கொடுத்த கனோ தன்யூ என்ற ஓவியர் யானையைக் கண்ணால் கண்டதே இல்லையாம். கேள்விப்பட்டதை வைத்து வரைந்திருக்கிறார். காதும் வாலும் யானையுடையதே அல்ல. எங்கள் நெடுங்கேணிப் பக்கத்தில் மரவள்ளித் தோட்டத்துக்கு இரவில் வருகிற ஆளை ஒரு தரம் காட்டியிருந்தால் மனுசன் வேறு மாதிரி வரைந்திருப்பார். ஆனாலும் ஒன்று சொல்லவேண்டும். வெட்டில் பிழை இல்லை. உளி ஒவ்வொரு இடத்திலும் அறிந்துதான் போயிருக்கிறது. காணாததைச் செய்தவனின் கை, கண்டதைச் செய்கிற என் கையைவிட உறுதி.

ஐந்தடுக்குக் கோபுரம் ஒன்றும் உண்டு. 1815இல் எரிந்து 1818இல் திரும்பக் கட்டியது. அதன் நடுத்தூண் நிலத்தைத் தொடவில்லை! நாலாவது தட்டிலிருந்து சங்கிலியில் தொங்குகிறது. அடியில் ஒரு சாண் அளவுகூட இல்லாத இடைவெளி. மரக்கட்டடம் காலம் போகப் போக இறுகிக் கீழே இறங்கும், தூண் இறங்காது. அது நிலத்தில் ஊன்றி நின்றால் கூரையை முட்டித் தூக்கிவிடும். அதற்காகத்தான் தொங்கவிட்டிருக்கிறார்கள். பச்சை மரத்தில் கதவு அடித்து, வெயில் வந்ததும் பூட்டுப் பொருந்தாமல் திட்டு வாங்கிய எவனுக்கும் இது விளங்கும். அந்த இடத்தில் நான் கும்பிட்டேன். சாமியை அல்ல, தச்சனை.

அப்புறம் யோமெய்மோன் வாசல். சிற்பங்கள் ஐந்நூற்றுக்கு மேலே. பொழுதுபடும்வரை பார்த்தாலும் அலுக்காது என்று அதற்குப் 'பொழுதுபடு வாசல்' என்றும் பெயர். பன்னிரண்டு தூண்களில் ஒன்றில் மட்டும் பூவேலையைத் தலைகீழாகச் செதுக்கியிருக்கிறார்கள், வேண்டுமென்றே. முடிந்த வேலை அன்றைக்கே அழியத் தொடங்கும், அதனால் ஒன்றை முடியாததாக விட்டு வைப்பதாம். எங்கள் ஊரில் நான் அப்படிச் செய்தால் கூலியில் வெட்டுவார்கள்.

இந்த வாசலைப் பற்றி மகன் வாசித்துச் சொன்னதுதான் எனக்கு உறைத்தது. 2013இல் அதை மூடிக் கட்டி, 2017இல்தான் திறந்திருக்கிறார்கள். நாலு வருடம், பொன்தகடு மட்டும் ஏறத்தாழ 2,40,000. இடித்துப் புதிதாகக் கட்டியிருந்தால் நாலு வருடம் தேவைப்படாது. பழைய பூச்சைச் சுரண்டி, மரத்தில் பழுதைப் பார்த்து, மரப்பாலில் எடுக்கிற அரக்கைத் தடவிக் காயவிட்டு, திரும்பத் தடவி, அதன்மேல் பொன் ஒட்டி, வர்ணம் தீட்டி… இந்த வாசல் முடிந்தால் அடுத்தது. அங்கே எங்கேயாவது ஒரு மூலையில் சாரம் கட்டித்தான் இருக்கும் போல. நாங்கள் போன அன்றும் ஒரு இடத்தில் சீலை மறைத்திருந்தது. அதன் இடுக்கால் பார்த்தேன். கண்ணாடி போட்ட ஒரு வயதானவர் சின்னத் தூரிகையால் ஒரு பறவையின் செட்டையைத் தொட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருபது வயதுப் பெடியன் ஒருவன் சிரட்டை மாதிரி ஒரு கிண்ணத்தைப் பிடித்தபடி, அவருடைய கையையே பார்த்துக்கொண்டு நின்றான். கால் மணித்தியாலம் நின்றிருப்பேன். இரண்டு பேரும் ஒரு சொல் பேசவில்லை.

அந்தப் பெடியனைத்தான் எனக்கு மறக்க முடியவில்லை. அங்கே பொன் இருக்கிறது, காசு இருக்கிறது, 1999இல் யுனெஸ்கோவும் உலக மரபுச் சின்னம் என்று ஏற்றிருக்கிறது, எல்லாம் சரி. 1961இல் ஒரு மண்டபம் எரிந்து, கூரையில் இருந்த பெரிய டிராகன் ஓவியமும் போய்விட்டது. திரும்ப வரைந்தார்கள். இன்றைக்கும் அதன் தலைக்கு நேர்கீழே இரண்டு மரக்கட்டைகளைத் தட்டினால் மணி அடித்த மாதிரிச் சத்தம் வருகிறது, நாலடி தள்ளித் தட்டினால் வருவதில்லை. எரிந்ததைத் திரும்பச் செய்ய அங்கே ஆள் இருந்தது. எனக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் வாகனம் திருத்த யார் இருக்கிறார்கள்? என் மகனே இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்கிறான். நானும் அவனைக் குறை சொல்ல மாட்டேன், இந்தக் கூலியில் அவனும் என்னைப் போல் இருந்திருந்தால் நான் யப்பானைப் பார்த்திருக்க மாட்டேன்.

தூங்கும் பூனையையும் பார்த்தோம். பேர் பெற்ற சிற்பம், ஆனால் உண்மையான பூனையைவிடச் சின்னது. தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு மறுபக்கம் மூங்கிலில் குருவிகள் விளையாடுகின்றன. பூனை தூங்குவதால் குருவிக்குப் பயமில்லை, சண்டை ஓய்ந்த காலம் என்று அர்த்தமாம். அதைத் தாண்டி இயெயசுவின் சமாதிக்கு 207 படி. முழங்கால் ஒத்துக்கொள்ளவில்லை. மகன் ஏறிவிட்டு வந்தான், நான் பூனைக்குக் கீழே இருந்தேன்.

சபையாருக்கு நான் கேட்பது பெரிய விசயமில்லை. பைபர் குதிரைக்கு ஒதுக்கிய காசில் எனக்கு ஒரு சதமும் வேண்டாம். அந்தக் காசில் சாதாரணதரப் பரீட்சை முடித்துவிட்டு நிற்கிற இரண்டு பெடியன்களுக்கு ஆறு மாதத்துக்குக் கூலி கொடுத்து என்னிடம் விடுங்கள். கறையான் அரித்த வயிற்றை வெட்டி எடுத்து ஒட்டு வைப்பதையும், பழைய பெயின்ற்றைச் சுரண்டுவதையும் அவர்களே செய்யட்டும். இனாமல் பெயின்ற் பூசச் சொல்லி யாரும் வந்து நிற்கக் கூடாது, அது ஒன்றுதான் என் நிபந்தனை.

முன்னங்காலுக்கு இலுப்பைத் துண்டு ஒன்று நான் போன வருடமே வாங்கிக் காயவைத்து முழங்கால்வரை வெட்டிவிட்டேன். குளம்பு மட்டும் மிச்சம். என் கொட்டிலில், வாசலுக்கு இடப்பக்கம், சாக்கு மூடி வைத்திருக்கிறது. வந்து பார்க்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாகனத் தச்சன்,
நெடுங்கேணி.