அந்தப் பட்டியலை வெளியிட வேண்டாம்

மதிப்பிற்குரிய இதழாசிரியர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஆசிரியர் மதிப்பீடு பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். மாணவரின் மதிப்பெண் ஓராண்டில் எவ்வளவு உயர்ந்தது என்று பார்த்தாலே ஆசிரியரின் தரம் தெரிந்துவிடும், உயர்த்தத் தெரியாதவர் வேறு வேலை தேடிக்கொள்ளட்டும் என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். அது அவர் கருத்து. அதன் கீழே நீங்கள் கட்டம் போட்டு வெளியிட்ட அறிவிப்புதான் என்னை எழுத வைத்தது. பெற்றோர் தங்கள் பிள்ளைகளின் இரண்டு ஆண்டுத் தமிழ் மதிப்பெண்களை அனுப்பலாமாம். அவற்றை வைத்து ஆசிரியர் தின மலரில் நம் மொரீசியஸ் தீவின் தமிழாசிரியர்களை வரிசைப்படுத்திப் பெயருடன் வெளியிடுவீர்களாம்.

ஐயா, நம் பள்ளிகளில் தமிழ்ப் பாடம் எப்படி நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததா? மற்ற ஆசிரியர்களுக்குச் சொந்தமாக ஒரு வகுப்பறை உண்டு. நாங்கள் பையைத் தூக்கிக்கொண்டு வகுப்பு வகுப்பாகப் போகிறவர்கள். மணி அடித்ததும் இந்திப் பிள்ளைகள் ஓர் அறைக்கு, உருதுப் பிள்ளைகள் இன்னோர் அறைக்கு, 2012 முதல் நம் தீவின் பேச்சுமொழியான கிரியோலைப் பாடமாக எடுத்தவர்கள் வேறோர் அறைக்கு என்று பிரிவார்கள். மிஞ்சிய இடம் தமிழுக்கு. நூலகத்து மூலையிலும் நடைவழியிலும் நின்று நான் பாடம் நடத்தியிருக்கிறேன். தேர்வு நெருங்கும்போது, கணக்கு முடியவில்லை, இன்று உங்கள் நேரத்தைக் கொடுங்கள் என்று சிரித்துக்கொண்டே வந்து கேட்பார்கள். கொடுக்காவிட்டால் ஒத்துழைக்காதவள் என்ற பெயர் வரும். சனவரியிலிருந்து மார்ச்சு வரை புயல் எச்சரிக்கைக்கும் பெருமழைக்கும் பள்ளி மூடப்படும். விட்டுப்போன மற்றப் பாடங்களை ஈடுசெய்ய நேரம் கண்டுபிடிப்பார்கள். விட்டுப்போன தமிழை ஒருவரும் தேடியதில்லை.

இவ்வளவும் கழித்து மிஞ்சிய நேரத்தில் நான் கற்பித்ததை எந்த எண்ணில் அளப்பீர்கள்?

இரண்டு பள்ளிகளில் வேலை செய்த அனுபவம் எனக்கு உண்டு. ஒன்று கடலோரக் கிராமத்தில், மற்றொன்று காத்ர் போர்ன் நகரத்தின் பக்கம். பாட்டி தமிழ் பேசும் வீடு, மாலையில் கோயில் வகுப்பு, அதன்பின் டியூஷன் என்று வந்தார்கள் நகரத்துப் பிள்ளைகள். கடலோரப் பிள்ளைகள் வீட்டில் பேசுவது கிரியோல், பள்ளிப் புத்தகத்தில் படிப்பது ஆங்கிலமும் பிரெஞ்சும். தமிழ் அவர்களுக்கு நான்காவது மொழி. இரு இடத்திலும் நடத்தியவள் நானேதான், அதே பாடம்தான். நகரத்தில் பெற்றோர் பூங்கொத்துக் கொடுத்தார்கள். கடலோரத்தில் மேற்பார்வையிட வந்தவர் பிள்ளைகள் முன்னிலையிலேயே, ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்டார். அந்தக் கேள்வியின் சூடு இன்னும் ஆறவில்லை. அவர் தாளைத்தான் பார்த்தார். மூன்றாம் வகுப்புவரை வாயே திறக்காத ஒரு பையன் அந்த ஆண்டு காவடித் திருவிழா அறிவிப்பைக் கோயில் வாசலில் எழுத்துக்கூட்டிப் படித்தானே, அது தாளில் இல்லை.

இதற்காகத்தான் வளர்ச்சி அளவீடு, அது பிள்ளை தொடங்கிய இடத்தையும் கணக்கில் எடுக்கும் என்று கட்டுரையாளர் சொல்வார். சென்ற ஆண்டு மதிப்பெண்ணை வைத்து இந்த ஆண்டு பிள்ளை இவ்வளவு வாங்குவான் என்று கணிப்பது, அதற்கு மேலே போனால் ஆசிரியருக்குப் புகழ், கீழே போனால் பழி. 1990களில் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், வேளாண் துறையில் பணியாற்றிய வில்லியம் சாண்டர்ஸ் என்ற புள்ளியியலாளரின் கணக்கிலிருந்து பரவிய முறை இது. நல்ல ஆசிரியரால் பிள்ளையின் பிற்கால வருமானம்கூட உயர்கிறது என்று இருபத்தைந்து லட்சம் பிள்ளைகளின் தரவை வைத்துப் பொருளியலாளர்கள் காட்டியதையும் படித்திருக்கிறேன், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் லட்சக்கணக்கான பிள்ளைகளின் சராசரியில் தெரிவது பதினோரு பிள்ளைகள் உள்ள ஒரு தமிழ் வகுப்பில் தெரியுமா? தேர்வன்று இருவர் காய்ச்சலோடு வந்தாலே சராசரி சரிந்துவிடும். மதிப்பெண் வேறுபாட்டில் ஆசிரியரின் பங்கு 1 முதல் 14 விழுக்காடுதான் என்று பெரும்பாலான ஆய்வுகள் காண்பதாக அமெரிக்கப் புள்ளியியல் சங்கமே 2014இல் அறிக்கை விட்டது. மீதியெல்லாம் வீடும், வறுமையும், பள்ளி நிர்வாகமும், நம் கைக்கு எட்டாத வேறு பலவும்.

நியூயார்க் மாநிலத்தில் நான்காம் வகுப்பு ஆசிரியை ஒருவருக்கு இந்த வளர்ச்சி அளவீட்டில் ஓராண்டு 20க்கு 14 கிடைத்தது. அடுத்த ஆண்டு 1. பிள்ளைகள் தோற்றுவிடவில்லை, மாநிலச் சராசரியைவிட நன்றாகவே எழுதியிருந்தார்கள். ஏற்கெனவே உயரத்தில் நிற்கும் பிள்ளை இன்னும் எங்கே ஏறுவான்? அவர் வழக்குத் தொடுத்தார். அந்த மதிப்பெண் தன்னிச்சையானது என்று 2016இல் நீதிமன்றம் அதை நீக்கியது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் நிலைமை இன்னும் மோசமாக இருந்தது. சூத்திரம் ஒரு தனியார் நிறுவனத்தின் வணிக ரகசியம், தன் மதிப்பெண் சரியா என்று ஆசிரியரால் சரிபார்க்கவே முடியவில்லை. 2017இல் நீதிமன்றம் அதைக் கண்டித்த பிறகு, அந்த மதிப்பெண்ணைக் காட்டி ஆசிரியரைப் பணிநீக்கம் செய்வதைக் கல்வி மாவட்டம் கைவிட்டது. கேட்ஸ் அறக்கட்டளை பெரும்பணம் போட்டு நடத்திய ஆசிரியர் மதிப்பீட்டுத் திட்டத்திலும் பிள்ளைகளின் கல்வி குறிப்பிடும்படி உயரவில்லை என்று 2018இல் ராண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனத்தின் ஆய்வு சொன்னது. அவர்கள் சுட்டுக்கொண்டு கைவிட்டதை நம் மலரில் புதுமை என்று அச்சிடப் போகிறோம்.

நம் ஊருக்கே உரிய இன்னொரு கேள்வியைக் கட்டுரையாளர் தொடவே இல்லை. டியூஷனுக்குப் போகும் பிள்ளையின் மதிப்பெண் உயர்ந்தால் அது யாருடைய வளர்ச்சி? பகலில் நடத்தியவருடையதா, மாலையில் காசு வாங்கியவருடையதா? இருவரும் ஒருவரே என்றால்? 2017இல் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான சி.பி.இ. போய், அதனிடத்தில் பி.எஸ்.ஏ.சி. தேர்வு வந்தபோது, பிள்ளைகளை ஓட்டப்பந்தயக் குதிரைகளாக்கும் வழக்கம் ஒழியும் என்று நம்பினோம். இப்போது அதே பந்தயத்தில் ஆசிரியர்களை இறக்கப் பார்க்கிறீர்கள். பட்டியல் வந்தால் கடலோரப் பள்ளிக்கு எந்த இளம் ஆசிரியை மாற்றல் கேட்டுப் போவாள்? மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் பயிற்சி முடித்து வரும் பெண்கள் என்னிடம் ஆலோசனை கேட்கிறார்கள். அவர்களிடம் நான் என்ன சொல்லட்டும்?

ஆசிரியரை மதிப்பிடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வகுப்பில் வந்து உட்காருங்கள். ஒரு முறை போதாது, பல முறை வாருங்கள். தமிழ் தெரிந்தவரை அனுப்புங்கள். என்னை மேற்பார்வையிட வந்த சிலருக்கு நான் கரும்பலகையில் எழுதியதை வாசிக்கவே தெரியாது.

பல ஆண்டுகளுக்கு முன், தமிழ்ப் பாடநூல்கள் இரண்டாம் பருவத்தில்தான் கைக்கு வந்தன என்று உங்கள் இதழுக்குக் கடிதம் எழுதினேன். இடமில்லை என்று பதில் வந்தது. அப்போது அதற்கு இல்லாத இடம் இப்போது ஆசிரியர்களின் பெயர்ப் பட்டியலுக்கு இருப்பது எனக்கு வேதனையாக இருக்கிறது. நாங்கள் உங்கள் இதழின் முதல் சந்தாதாரர்கள். பிள்ளைகளின் கையில் அதைக் கொடுத்துப் படிக்க வைத்தவர்களும் நாங்களே.

நான் கேட்பது சிறியதுதான். மதிப்பெண் அனுப்பச் சொன்ன அறிவிப்பை அடுத்த இதழிலேயே திரும்பப் பெறுங்கள். பட்டியல் போட்டே தீருவது என்றால் பெயர்களை நீக்கிவிட்டு, ஒவ்வொரு வகுப்பிலும் எத்தனை பிள்ளைகள், வாரத்துக்கு எத்தனை தமிழ்ப் பாடவேளை உண்மையில் நடந்தது என்ற இரண்டு விவரங்களையும் பக்கத்தில் அச்சிடுங்கள். இந்தக் கடிதத்தைச் சுருக்காமல் வெளியிட்டால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
ரோஸ்ஹில், மொரீசியஸ்.
(இன்னும் பணியில் இருக்கும் தோழிகளை முன்னிட்டு என் பெயரை வெளியிட வேண்டாம்.)