ஆண்களின் புற்றுநோய் மரணம்: ஒப்பிடும் முன் கேட்க வேண்டியவை

ஆசிரியருக்கு வணக்கம்.

'இந்த மாவட்டத்தில் புற்றுநோயால் இறக்கும் ஆண்கள் தேசிய சராசரியைவிட அதிகம்' என்று செய்தி வந்துவிட்டால், மறுநாளே ஊரார் குடிநீரையும் பக்கத்துத் தொழிற்சாலையையும் சந்தேகிக்கத் தொடங்குகிறார்கள். அந்தச் சந்தேகம் சரியாகவும் இருக்கலாம். ஆனால் அந்த எண் எந்த வழியில் கிடைத்தது என்று விசாரிக்காமல் அதை நம்புவதும் தவறு, ஒதுக்குவதும் தவறு. ஒரு பகுதியில் யார் யாருக்குப் புற்றுநோய் வந்தது, யார் யார் அதனால் இறந்தார்கள் என்று தொகுத்து வைப்பது புற்றுநோய்ப் பதிவேடு. அதன் கணக்கை அறிந்தவர்கள் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறோம்.

முதலில் வயது. 2011 கணக்கெடுப்பில் இந்திய மக்களில் 60 வயதைத் தாண்டியவர்கள் சுமார் 8.6 சதவீதம், தமிழ்நாட்டில் 10.4, கேரளத்தில் 12.6. புற்றுநோய் பெரும்பாலும் முதுமையில் வருவது. ஆகவே முதியவர்கள் கூடுதலாக வாழும் ஊரில் மரண எண்ணிக்கையும் கூடுதலாகத்தான் இருக்கும். கணக்குக்காக இரண்டு ஊர்களை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் ஒரு லட்சம் ஆண்கள். 60 வயதுக்குக் கீழே லட்சத்துக்கு 20 பேர், மேலே லட்சத்துக்கு 400 பேர் என்ற வீதத்தில் இரண்டிலும் இறக்கிறார்கள். ஓர் ஊரில் முதியவர்கள் 8,000 பேர், மற்றதில் 14,000 பேர். முதல் ஊரில் ஆண்டுக்கு 50 மரணம், இரண்டாவதில் 73. ஆபத்து இம்மியளவும் மாறவில்லை. எண் மட்டும் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிட்டது. பதிவேடுகள் வழக்கமாகப் பயன்படுத்தும் உலக மாதிரி மக்கள்தொகையில் ஒரு லட்சத்துக்கு 11,000 பேர் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள். அதை வைத்துச் சீராக்கினால், அதாவது ஒவ்வோர் ஊரின் வயதுவாரி வீதத்தையும் அந்த மாதிரி மக்கள்தொகைக்குப் பொருத்திக் கணக்கிட்டால், இரண்டு ஊருக்கும் ஒரே விடைதான் வரும்: 61.8. சீராக்காத எண்ணை வைத்து எழுதப்படும் ஒப்பீடு எதுவாக இருந்தாலும் அதைப் பிரசுரிக்க வேண்டாம் என்பதே எங்கள் வேண்டுகோள். சீராக்கிய எண்களிலும் ஒரு கவனம் தேவை. மாதிரி மக்கள்தொகைகள் ஒன்றுக்கு மேற்பட்டவை உண்டு. ஒன்றை வைத்துக் கணக்கிட்டதை மற்றொன்றை வைத்துக் கணக்கிட்டதோடு ஒப்பிடக் கூடாது.

வயதைவிடப் பெரிய சிக்கல், மரணத்தின் காரணம் எழுதப்படும் விதம். மருத்துவர் காரணத்தை எழுதிச் சான்று தரும் படிவம், மருத்துவமனையில் இறந்தால் படிவம் 4, வீட்டில் இறந்தால் படிவம் 4ஏ. அதன் முதல் பகுதியில் மூன்று வரிகள். முதல் வரியில் உடனடிக் காரணம், அதற்குக் கீழே அதை உண்டாக்கியது, கடைசி வரியில் எல்லாவற்றுக்கும் மூலமான நோய். புள்ளிவிவரத்துக்குப் போவது அந்த மூல நோய். நுரையீரல் புற்றுநோயாளி நிமோனியா முற்றி, ரத்தத்தில் கிருமி பரவி இறந்தால், முதல் வரியில் செப்சிஸ், இரண்டாவதில் நிமோனியா, மூன்றாவதில் நுரையீரல் புற்றுநோய் என்று வர வேண்டும். சர்க்கரை நோயும் இருந்திருந்தால் அது இரண்டாம் பகுதிக்குப் போகும். நடைமுறையில் பல படிவங்களில் 'இதய, சுவாச நிறுத்தம்' என்ற ஒரே வரிதான் இருக்கிறது. இதயம் நிற்காமல் யாரும் இறப்பதில்லை. அது காரணமே அல்ல. அந்த மரணம் புற்றுநோய்க் கணக்கிலிருந்து அப்படியே நழுவிவிடுகிறது.

இன்னொரு பிழை அதைவிட நுட்பமானது. இரைப்பையில் தொடங்கி ஈரலுக்குப் பரவிய நோயை 'கல்லீரல் புற்றுநோய்' என்று எழுதிவிடுகிறார்கள். மொத்த எண்ணிக்கை கெடாது, ஆனால் எந்த உறுப்பில் எத்தனை என்பது கெட்டுவிடும். ஆண்கள் விஷயத்தில் இது முக்கியம். சென்னை ஆண்களிடையே இரைப்பைப் புற்றுநோய் நெடுங்காலமாக முன்வரிசையில் இருந்து வருகிறது. தேசிய அளவில் வாயும் நுரையீரலும் முன்னே நிற்கின்றன. மொத்த வீதம் சமமாக இருப்பதால் எல்லாம் சரி என்று நினைத்துவிட முடியாது. ஓர் உறுப்பில் கூடியது இன்னொன்றில் குறைந்ததால் மறைந்துபோயிருக்கலாம். உறுப்புவாரியாகப் பார்த்தால்தான் புகையிலையா, வயிற்றுக் கிருமியா, மதுவா என்று யோசிக்கவே வழி பிறக்கும்.

அடுத்தது, நாடு முழுவதும் பதிவாகும் மரணங்களில் மருத்துவச் சான்றோடு வருபவை நான்கில் ஒன்றுக்கும் குறைவு. தமிழ்நாட்டில் இந்தப் பங்கு தேசிய அளவைவிடக் கணிசமாக உயர்ந்தது. நன்றாக எண்ணும் இடத்தில் எண் கூடித் தெரிவது இயல்பு. ஒழுங்காகப் பதிவு செய்யும் மாவட்டத்துக்குக் கெட்ட பெயரும், பதிவே செய்யாத மாவட்டத்துக்கு நல்ல பெயரும் வந்து சேர்வதை எங்களால் சகித்துக்கொள்ள முடியவில்லை.

தேசிய சராசரி என்பதும் ஒவ்வொரு மரணத்தையும் எண்ணிக் கூட்டிய தொகை அல்ல. 1980களின் தொடக்கத்தில் மும்பை, பெங்களூரு, சென்னைப் பதிவேடுகளோடு தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டம் தொடங்கியது. இன்று பதிவேடுகள் பெருகியிருந்தும், அவற்றின் எல்லைக்குள் வருவது நாட்டு மக்களில் சுமார் பத்தில் ஒரு பங்கினரே, கிராமப்புறம் குறைவு. மற்றவை மதிப்பீடு. தமிழ்நாட்டில் அடையாறு புற்றுநோய் நிறுவனத்தின் பதிவேடும், திண்டுக்கல் மாவட்டத்துக்கான அம்பிளிக்கைப் பதிவேடும், 2012இல் தொடங்கிய மாநிலம் தழுவிய திட்டமும் இருப்பது நமக்கு வாய்த்த பேறு.

முகவரியையும் பார்க்க வேண்டும். சட்டப்படி மரணம் நிகழ்ந்த இடத்தில்தான் பதிவாகும். சென்னையிலோ வேலூரிலோ ஆந்திரத்து நோயாளி இறந்தால் பதிவு அங்கேதான். கன்னியாகுமரிக்காரர் திருவனந்தபுரத்தில் இறந்தால் பதிவு கேரளத்தில். வழக்கமாக வசிக்கும் ஊர் என்ற கட்டத்தைப் பார்த்து மரணத்தைச் சொந்த ஊருக்குத் திருப்பி எழுதாவிட்டால், பெரிய மருத்துவமனை உள்ள ஊர் எப்போதும் ஆபத்தான ஊராகவே தெரியும். பதிவேட்டு ஊழியர்கள் இதைப் பெயர் பெயராகச் சரிபார்க்கிறார்கள். ஓர் இடத்தில் முன்னெழுத்தோடு, இன்னோர் இடத்தில் தந்தை பெயரோடு, வயது மட்டும் 60, 65 என்று முழு எண்ணாக இருக்கும் இரண்டு பதிவுகள் ஒரே மனிதருடையவையா என்று தேர்வது பொறுமையைக் கேட்கும் வேலை.

சிறிய எண்ணிக்கையும் ஏமாற்றும். ஒரு வட்டத்தில் ஆண்டுக்கு 12 மரணம் எதிர்பார்க்கப்பட்டு 16 நிகழ்ந்தால், மூன்றில் ஒரு பங்கு அதிகம் என்று தலைப்பிடலாம். ஆனால் தற்செயல் ஏற்ற இறக்கத்தைச் சேர்த்தால் 16 என்பதன் வீச்சு சுமார் 9 முதல் 26 வரை. எதிர்பார்த்த 12 அதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது. ஐந்தாண்டுகளைச் சேர்த்து 60 எதிர்பார்த்த இடத்தில் 80 என்றால் வீச்சு 63 முதல் 100 வரை. இப்போது 60 அதற்கு வெளியே நிற்கிறது. அப்போதுதான் குடிநீரையும் தொழிற்சாலையையும் ஆராயச் சொல்லிக் கேட்பதற்கு வலுவான அடிப்படை கிடைக்கிறது. அந்த ஆய்வும் பின்னோக்கிப் போக வேண்டும். இன்றைய நுரையீரல் புற்றுநோய் மரணங்கள் இருபது, முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய பீடி, சிகரெட்டின் விளைவு. இந்த ஆண்டின் புகையிலைக் கணக்கெடுப்பை அவற்றோடு பொருத்திப் பார்ப்பதில் பயனில்லை.

ஆகவே மாவட்ட எண் கையில் கிடைக்கும்போது உங்கள் செய்தியாளர்கள் இவற்றைக் கேட்கட்டும்: வயதைச் சீராக்கியதா, எந்த மாதிரியில்? வசிப்பிடப்படியா, இறந்த இடப்படியா? எத்தனை ஆண்டுகள், மொத்தம் எத்தனை மரணங்கள்? அவற்றில் எத்தனைக்கு மருத்துவச் சான்று உண்டு? புதிதாகக் கண்டறியப்பட்டவர்கள் எத்தனை பேர்? இரைப்பை, நுரையீரல் புற்றுநோய் போன்ற கடுமையான நோய்கள் மிகுந்த இடத்தில், கண்டறியப்பட்டவர்களோடு ஒப்பிடும்போது மரணம் மிகக் குறைவாகத் தெரிந்தால், நோயாளிகள் பிழைத்துவிட்டார்கள் என்று மகிழ்வதற்கு முன் மரணங்கள் விடுபட்டனவா என்று பார்க்க வேண்டும்.

குடும்பத்தாருக்கும் ஒன்று. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்தபின் இறப்பவர்களின் காரணம்தான் அதிகம் தொலைந்துபோகிறது. 'முதுமை', 'மாரடைப்பு' என்று முடித்துவிடுகிறார்கள். படிவம் 4ஏ எழுத வரும் மருத்துவரிடம் பயாப்ஸி அறிக்கையையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் காட்டுங்கள். நோய் முதலில் தொடங்கிய உறுப்பை எழுதச் சொல்லுங்கள். நாம் வாங்கும் இறப்புச் சான்றிதழில் காரணம் அச்சிடப்படுவதில்லை. ஆனால் 2023ஆம் ஆண்டின் சட்டத் திருத்தப்படி, மருத்துவமனையில் இறந்தவரின் காரணச் சான்று நகலை நெருங்கிய உறவினருக்கு மருத்துவமனை தர வேண்டும். அதைக் கேட்டு வாங்கி, கடைசி வரியில் என்ன இருக்கிறது என்று அங்கேயே படித்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
புற்றுநோய்ப் பதிவேட்டுக் கணக்கில் பழக்கமுள்ள வாசகர்கள்,
சென்னை