சண்டை பார்க்கப் போன கதை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நலம். அம்மாவுக்கு முட்டிவலி குறைந்ததா? நான் கொடுத்தனுப்பிய தைலத்தைப் பத்திரமாக பீரோவில் வைத்துப் பூட்டியிருப்பாள். நீயே எடுத்துத் தேய்த்துவிடு.

போனில் கூப்பிட்டால் அம்மா, அப்பா, பக்கத்து வீட்டு அத்தை என்று கை மாறிக்கொண்டே போகிறது. உன் முறை வரும்போது எனக்கு ட்யூட்டிக்கு நேரமாகிவிடுகிறது. உன்னிடம் ஒரு விஷயத்தை நிதானமாகச் சொல்ல வேண்டும், அதனால்தான் கடிதம்.

போன வாரம் மூன்று நாள் சேர்ந்தாற்போல ரெஸ்லிங் பார்த்தேன். லண்டனில், நேரில். அதில் இரண்டு நாள் மேடைக்கு மூன்றாவது வரிசையில் நின்று பார்த்தேன்.

கூட்டிப்போனது என் வார்டில் வேலை செய்யும் ஒரு பெண். கவன்ட்ரியிலேயே பிறந்து வளர்ந்தவள், பத்து வருஷமாக இந்த ஷோக்களுக்குப் போகிறாள். ஒரு நைட் ஷிஃப்டில் டீ குடிக்கும்போது பேச்சுவாக்கில், ரெஸ்லிங் வீரர்கள் படம் போட்ட நம் ட்ரம்ப் கார்டு கதையைச் சொன்னேன். உயரம், எடை, மார்பளவு, பைசெப்ஸ், ரேங்க் என்று நீ மனப்பாடமாக ஒப்பித்தது, அண்டர்டேக்கர் கார்டு கிடைத்த அன்று அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கியது எல்லாம். கேட்டுவிட்டு, "மே மாசம் பேங்க் ஹாலிடேக்கு லீவு எழுதிக் கொடு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றாள்.

டிவியில் நாம் பார்த்த மாதிரி பெரிய ஸ்டேடியமும் வாணவேடிக்கையும் இங்கே கிடையாது. இது சின்னச் சின்னக் கம்பெனிகள் சொந்தக் காசில் நடத்தும் ஆட்டம். சில நூறு பேர், அதிகம் போனால் ஆயிரத்துச் சொச்சம் பேர். சனிக்கிழமை போனது கிழக்கு லண்டனில் பெத்னல் க்ரீன் என்ற இடத்தில் இருக்கும் யார்க் ஹால். 1929-ல் கட்டிய பொதுக் குளியல் கூடம் அது. நீச்சல் குளம் இன்றும் அங்கே இருக்கிறது. குத்துச்சண்டைக்காரர்களுக்கு அது கோயில் மாதிரி. 2012-ல் தொடங்கிய ரெவல்யூஷன் ப்ரோ என்ற கம்பெனி அங்கே ரெஸ்லிங் நடத்துகிறது. நாங்கள் பால்கனியில் உட்கார்ந்தோம். மரப் பெஞ்சும் சுற்றிலும் கூச்சலுமாக நம்மூர் டூரிங் டாக்கீஸ் ஞாபகம் வந்துவிட்டது.

அங்கே பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு சின்னப் பையன், இருபது வயதுகூட இருக்காது. எதிராளி பாய்ந்து வரும்போது இவன் அப்படியே தரையில் உட்கார்ந்து, முழங்காலுக்குள் தலையைப் புதைத்து, உடம்பை ஒரு உருண்டை மாதிரி சுருட்டிக்கொண்டான். எங்கே பிடிப்பது என்று தெரியாமல் அந்தப் பெரிய ஆள் சுற்றிச் சுற்றி வருகிறான். அப்போது உருண்டைக்குள்ளிருந்து ஒரு கை மட்டும் வெளியே நீண்டது. அவன் அதைப் பிடித்தானோ இல்லையோ, குட்டிக்கரணம் அடித்து மல்லாக்க விழுந்தான். ஹாலே எழுந்து நின்று கைதட்டியது. ஜானி செயின்ட் என்று அந்தக் காலத்து வித்தைக்காரர் ஒருவர், இது அவருடைய பிடி என்று தோழி சொன்னாள். தாத்தா காலத்து வித்தையைப் பேரன் வயதுப் பையன் கற்றுக்கொண்டு வந்து ஆடுகிறான்.

அந்தக் காலம் என்றால் எது என்று எனக்குச் சொன்னது என் வார்டில் இருந்த ஒரு பாட்டி. இடுப்பெலும்பு உடைந்து வந்தவர். ரெஸ்லிங் பார்க்கப் போகிறேன் என்றதும் அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! இந்த நாட்டில் 1955-லிருந்து 1988 வரை ஐடிவி என்ற சேனலில் மல்யுத்தம் காட்டினார்கள். அதில் பல வருஷம் சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணி என்றால் வீட்டில் யாரும் அசைய மாட்டார்களாம். ரவுண்டு ரவுண்டாகச் சண்டை, தப்புச் செய்தால் நடுவர் எல்லாருக்கும் கேட்கும்படி எச்சரிக்கை கொடுப்பார். பிக் டாடி என்ற பெரிய தொப்பைக்காரர்தான் குழந்தைகளின் செல்லம். ஷெர்லி க்ராப்ட்ரீ என்பது நிஜப் பெயர், பெண் பிள்ளைக்கு வைக்கிற பெயர். அவருக்கு எதிரி ஜெயன்ட் ஹேஸ்டாக்ஸ், வைக்கோல் போர் மாதிரி ஆள், பெயருக்கும் அதுதான் அர்த்தம். 1981-ல் வெம்ப்ளியில் இரண்டு பேரும் மோதியது மூன்று நிமிஷம்கூட நீடிக்கவில்லை. பாட்டிக்கு அது பெரிசில்லை. "நான் கத்தியது அவருக்குக் கேட்டது" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

டிவி நிறுத்தியபின் இந்தக் கலை அநாதையாகிவிட்டது. கடற்கரை விடுமுறைக் கேம்ப்களிலும் ஊர் டவுன் ஹால்களிலும் சிலர் விடாமல் நடத்தி உயிர் கொடுத்து வைத்திருந்தார்கள். லிவர்பூல் பக்கம் பர்கன்ஹெட்டைச் சேர்ந்த பிரையன் டிக்சன் அதில் முக்கியமானவர், ஆல் ஸ்டார் என்ற கம்பெனியை வாழ்நாள் முழுக்க ஓட்டி 2023-ல் இறந்துபோனார். நாடகக் கம்பெனி வேன் மாதிரி ஊர் ஊராகப் போய் ரிங்கை மாட்டிக் கழற்றிய இந்த மனிதர்களை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது.

சரி, ஞாயிறும் திங்களும். அதற்குத்தான் முக்கியமாகப் போனோம்.

இடம் கேம்டன், எலெக்ட்ரிக் பால்ரூம். ஐரிஷ்காரர்கள் ஆடிப் பாடிய பழைய நடனக் கூடம், பிறகு ராக் இசைக்குப் பேர் வாங்கியது. ப்ரோக்ரஸ் என்ற கம்பெனி 2012-ல் முதல் ஷோ போட்டது. ஒவ்வொரு ஷோவுக்கும் புத்தகம் மாதிரி அத்தியாய நம்பர் போடுவார்கள். இது அவர்கள் 2015-லிருந்து நடத்தும் சூப்பர் ஸ்ட்ராங் ஸ்டைல் 16 என்ற போட்டி. 16 பேர், தோற்றவன் வெளியே. கணக்குப் போட்டுப் பார், கோப்பை வாங்குகிறவன் இரண்டு நாளில் நான்கு சண்டை போட வேண்டும்.

'ஸ்ட்ராங் ஸ்டைல்' என்பது ஜப்பான்காரர்கள் வைத்த பெயர். ஆனால் அதன் வேர் எங்கே தெரியுமா? இங்கிலாந்திலேயே விகன் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் பில்லி ரைலி என்பவர் ஒரு பயிற்சிக் கூடம் வைத்திருந்தார். பாம்புக் குழி என்று அதற்குப் பெயர். அங்கே படித்த கார்ல் காட்சும் பில்லி ராபின்சனும் ஜப்பானுக்குப் போய்ச் சொல்லிக் கொடுத்தார்கள். இப்போது கென்ட் பக்கத்துப் பையன் ஜாக் சேபர் ஜூனியர் ஜப்பானுக்கே போய், 2024-ல் அவர்களுடைய ஜி1 கிளைமாக்ஸ் போட்டியை ஜெயித்த முதல் பிரிட்டிஷ்காரன் ஆனான். எசெக்ஸ் பையன் வில் ஆஸ்ப்ரே இந்தச் சின்ன ஹால்களில் ஆடி வளர்ந்து, 2023-ல் வெம்ப்ளியில் 81,035 பேர் காசு கொடுத்து வந்ததாக நடத்தியவர்கள் அறிவித்த ஷோவில் சண்டை போட்டான்.

ஆட்டம் தொடங்குமுன் கோட்டுப் போட்ட ஒருவர் மைக்கோடு வந்து கூட்டத்தோடு பேசுகிறார். எனக்குக் கட்டியங்காரன் வந்துவிட்டான் என்றுதான் தோன்றியது. நாம் திரௌபதை அம்மன் கோயில் கூத்தில் விடிய விடிய உட்கார்ந்திருந்தோமே, அதே மாதிரி யார் வரப்போகிறார், எங்கிருந்து வருகிறார் என்று சொல்லி, கேலி பேசி, கூட்டத்தைச் சூடேற்றி வைக்கிறார். நல்லவனை இங்கே ப்ளூ ஐ என்கிறார்கள், கெட்டவனை ஹீல். ஹீல் உள்ளே வந்தால் அறுநூறு எழுநூறு தொண்டையும் சேர்ந்து ஊளையிடுகிறது. கால்பந்துப் பாட்டு மெட்டில் அங்கேயே புதுப் பாட்டுக் கட்டிப் பாடுகிறார்கள். துச்சாதனன் சேலையைப் பிடித்ததும் நம் பெரியம்மா எழுந்து மண்ணை வாரித் தூற்றினாளே, வேஷம் கட்டியவர் நம் தெரு தையல்காரர் என்று அவளுக்குத் தெரியாதா?

ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது சண்டையில் ஒரு ஒல்லிப் பையனும் அவனைப்போல் இரண்டு மடங்கு ஆளும். பெரியவன் இவனைக் கயிற்றோடு சாய்த்து, சட்டையில்லாத நெஞ்சில் உள்ளங்கையை விரித்து ஓங்கி ஒரு அறை விட்டான். இரும்புக் கதவைச் சாத்தின சத்தம். நான் நின்ற இடத்திலிருந்து நன்றாகத் தெரிந்தது. முதலில் ஐந்து விரலும் வெள்ளையாகப் பதிந்தன. இரண்டு விநாடியில் அந்த வெள்ளையைச் சுற்றிச் சிவப்பு ஊறி மேலேறியது. நாலாவது அறைக்குத் தோலுக்கு அடியில் சின்னச் சின்ன ரத்தப் புள்ளிகள். தினமும் தோலைப் பார்த்துப் பிழைக்கிறவள் நான். அது சாயமில்லை, தம்பி.

அப்புறம் அவனைத் தலைக்கு மேலே தூக்கினான். அந்த நேரத்தில் பெரியவனுடைய இடது கையைப் பார்த்தேன். பையனின் முதுகில் விரல் இரண்டு தடவை லேசாகத் தட்டியது. பையன் முகவாயை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டான். மூச்சை வெளியே விட்டான். விழும்போது முதுகு முழுக்க ஒரே நேரத்தில் தரையில் பட, இரண்டு கையும் பக்கத்தில் பளீரென்று அடித்தன. ரிங் என்பது இரும்புச் சட்டத்தின் மேல் மரப்பலகை, அதன் மேல் மெல்லிய ஃபோம், மேலே கித்தான் துணி, அவ்வளவுதான். கழுத்தில் விழுந்தால் முடிந்தது கதை.

என் வார்டில் நோயாளியைப் படுக்கை மாற்றும்போது இரண்டு பேர் இரண்டு பக்கம் நின்று, "ரெடி, ஸ்டெடி, ஸ்லைடு" என்று சொல்லித்தான் நகர்த்துவோம். படுத்திருக்கிறவர் நம்மை நம்பி உடம்பை விடுவார். அந்த இரண்டு தட்டலும் அதேதான். ஆயிரம் கண் பார்க்கும்போது யாருக்கும் தெரியாமல் ஒருவன் உடம்பை இன்னொருவன் பத்திரமாக இறக்கி வைக்கிறான்.

அப்போது உனக்கு ஒன்பது வயது. ஞாயிற்றுக்கிழமை, உனக்குப் பிடித்த ஆள் தோற்றுவிட்டான். டிவி முன்னால் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாய். நான் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த எரிச்சலில், "எல்லாம் பேசி வைத்துச் செய்கிறதுடா, டூப்பு, யாருக்கும் அடிபடாது" என்று சொன்னேன். நீ அழுகையை நிறுத்திவிட்டாய். மறுநாள் ஹார்லிக்ஸ் பாட்டிலில் வைத்திருந்த கார்டு அத்தனையும் எதிர்வீட்டுப் பையனிடம் கொடுத்துவிட்டாய். அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நான் சொன்னது பாதிதான் சரி. பேசி வைத்துத்தான் செய்கிறார்கள். ஆனால் டூப்பு இல்லை. திங்கட்கிழமை இறுதிச் சண்டைக்கு வந்தவனுக்குத் தோளில் ஒட்டுப்பட்டை, நெஞ்சு கத்தரிக்காய் நிறம், ஒரு காலை இழுத்துத்தான் நடந்தான். அன்று அது அவனுக்கு மூன்றாவது சண்டை. கூட்டம் முழுக்க அவனுக்காகத் தொண்டை வறளக் கத்தியது. நானும் கத்தினேன். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

பெண்கள் சண்டையும் இருந்தது, கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்க்கிற மாதிரி. ஒரு காலத்தில் லண்டனில் பெண்கள் மல்யுத்தத்துக்கு அனுமதியே கிடையாது, மிட்ஸி முல்லர் போன்ற வீராங்கனைகள் போராடித்தான் கதவு திறந்தது. இப்போது ஈவ் என்று பெண்களுக்காகவே 2010-லிருந்து ஒரு கம்பெனி இருக்கிறது. ஆனாலும் எல்லாம் நல்லதாகவே எழுதினால் பொய் சொன்ன மாதிரி ஆகும். 2020 ஜூனில் இந்தத் தொழிலில் இருந்த பெண்கள் பலர், தங்களுக்கு நடந்த கொடுமைகளை வெளியே சொன்னார்கள். பல பேருடைய வேஷம் கலைந்தது, சில கம்பெனிகள் மூடியே போயின. மறு வருஷம் பார்லிமென்ட் எம்பிக்கள் குழு விசாரித்து அறிக்கை கொடுத்தது, பயிற்சிக் கூடங்களில் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று. தோழி அப்போது ஒன்றரை வருஷம் எந்த ஷோவுக்கும் போகவில்லையாம். "யாரை நம்பிக் கைதட்டுவது என்று தெரியவில்லை" என்றாள். அவள் திரும்பி வந்தது இந்தப் பெண்களுக்காக. எனக்கு அது புரிகிறது.

இடைவேளையில் ஓரத்தில் மேஜை போட்டு வீரர்களே உட்கார்ந்து டிஷர்ட் விற்கிறார்கள். டிக்கெட் காசை விட இதில் வருவதுதான் பெட்ரோலுக்கு ஆகும் என்று தோழி சொன்னாள். அந்த ஒல்லிப் பையனும் இருந்தான், நெஞ்சில் ஐஸ் பையை அழுத்திப் பிடித்துக்கொண்டு. பெரியவன் பக்கத்து மேஜையிலிருந்து அவனுக்குச் சில்லறை மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தான். நான் ஒரு டிஷர்ட்டை எடுத்ததும், யாருக்கு என்று ஒல்லிப் பையன் கேட்டான். என் தம்பிக்கு, இந்தியாவில் இருக்கிறான் என்றேன். டிஷர்ட்டின் ஓரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். கை கொடுத்தபோது அந்த உள்ளங்கை சில்லென்று இருந்தது, ஈரமாக.

எல் சைஸ் வாங்கியிருக்கிறேன். அடுத்த மாதம் ஊருக்கு வருகிற ஒருவரிடம் கொடுத்தனுப்புகிறேன். அம்மா வாஷிங் மெஷினில் போட்டுவிடப் போகிறாள், கையெழுத்து போய்விடும், முதலிலேயே சொல்லி வை.

எதிர்வீட்டுப் பையனிடம் அந்த ஹார்லிக்ஸ் பாட்டில் கார்டுகள் இன்னும் இருக்கிறதா என்று கேட்டுப் பார். இருந்தால் எவ்வளவு கேட்டாலும் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள், பணம் நான் அனுப்புகிறேன்.

அன்புடன்,
அக்கா