ஹெல்மெட் புதிதாக வாங்கிக்கொள்

அன்புள்ள பாப்பா,

இங்கே எல்லோரும் நலம். நீ நலமா என்று போனில் கேட்டால், "நல்லா இருக்கேம்மா, வேலை இருக்கு, வைக்கட்டுமா" என்று முடித்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது இல்லையா, அதனால் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. நடக்கப் போகிறேன் என்று கோட்டைக்குப் போய் அகழிக் கரையில் உட்கார்ந்து பேப்பர் படித்துவிட்டு வருகிறார். மாடி போர்ஷனுக்கு கல்கத்தாவிலிருந்து ஒரு குடும்பம் வந்திருக்கிறது. அந்தப் பெரியவருக்கு சிஎம்சியில் கிட்னி வைத்தியம். லாட்ஜ் வாடகை கட்டுப்படியாகவில்லை என்று நம் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அவர்களுடைய பெரிய பையன் நம் மாடிப்படியில் வழுக்கி விழுந்து காறை எலும்பை முறித்துக்கொண்டான். வயசுப் பையன்தான், ஆனாலும் எலும்பு கூட ஆறு வாரத்திலிருந்து எட்டு வாரம் ஆகும், அதுவரை கனமாக எதையும் தூக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். அவன் மூன்றாவது வாரமே தூளியைக் கழற்றிவிட்டு கிரிக்கெட் ஆடக் கிளம்பினான். அவன் அம்மா கத்திய வங்காளம் எனக்கு ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது.

இதை உனக்கு ஏன் எழுதுகிறேன்? வீட்டுச் செய்தி, அவ்வளவுதான்.

அப்புறம், ஹெல்மெட். ஒருமுறை பலமாக அடிவாங்கிய ஹெல்மெட்டை மறுபடி போடக் கூடாதாம். வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாது, ஆனால் உள்ளே இருக்கும் தெர்மாகோல் மாதிரியான அடுக்கு நசுங்கிப் போயிருக்கும், அடுத்த தடவை தாங்காது என்று படித்தேன். உன்னுடையது எப்படி இருக்கிறதோ தெரியாது. எப்படி இருந்தாலும் புதிதாக ஒன்று வாங்கிக்கொள். பைக் ஹெல்மெட் இல்லை, குதிரைக்கென்று இருப்பது. பணம் போடுகிறேன். வேண்டாம் என்று சொல்லாதே.

நேற்று சாமான் அறையை ஒழித்தபோது உன் பழைய ஸ்கூல் பை கிடைத்தது. அடியில் இன்னும் நாலு கொள்ளு இருக்கிறது. அப்பாவுக்கு ரசம் வைக்க வாங்கும் கொள்ளு மாதக் கடைசிக்குள் தீர்ந்துபோன மர்மம் எனக்கு அப்போதே தெரியும். ஜட்கா வண்டிக்கார பாயின் குதிரை செவலைக்குத்தான் போகிறது என்று தெரிந்துதான் கால் கிலோ கூடுதலாக வாங்கினேன். பாய் உன்னை வண்டியின் முன்பக்கம் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வார். மற்ற பிள்ளைகள் பின்னால் புல்லின் மேல் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்து அழும். நீ மட்டும் இறங்க மாட்டேன் என்று அழுவாய். உள்ளங்கையை விரித்து வைத்து ஊட்ட வேண்டும், விரலை மடக்கினால் கடித்துவிடும் என்று உனக்குச் சொல்லிக் கொடுத்தது அவர்தான். குதிரைக்கு நேர் பின்னால் கண் தெரியாது, பின்பக்கமாகப் போனால் முதுகில் கை வைத்துப் பேசிக்கொண்டே போக வேண்டும் என்பதும் அவர் பாடம்தான். பல்லைப் பார்த்து வயசு சொல்லக் கற்றுக்கொண்டு வந்து, நம் வீட்டுக்கு வந்த பெரியப்பாவின் வாயைத் திறக்கச் சொன்னாயே, அதை அவர் இன்னும் மறக்கவில்லை.

ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குப் போனாலும் சந்நிதிக்கு வர மாட்டாய். கல்யாண மண்டபத்துத் தூணில் முன்னங்காலைத் தூக்கி நிற்கும் குதிரைகளுக்குக் கீழே போய் நின்றுகொள்வாய். சாமி 1981-ல்தான் சத்துவாச்சாரியிலிருந்து கோட்டைக்குள் திரும்பி வந்தது, அதுவரை இந்தக் குதிரைகள்தான் கோயிலைப் பார்த்துக்கொண்டன என்று அப்பா கதை விட்டதும், இன்னும் மோசம். குதிரைக்கும் கற்பூரம் காட்டச் சொல்லிக் குருக்களிடம் சண்டை.

தேசிங்கு ராஜன் கதை இன்னொன்று. ராணிப்பேட்டை பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம், அவன் ராணியின் பெயரில் வந்த ஊர் என்று அப்பா ஆரம்பிப்பார். டில்லியில் யாரும் ஏற முடியாத பாராசாரிக் குதிரையில் அவன் ஏறியதை நீ முழுதும் சொல்லி முடிப்பாய். 1714-ல் ஆற்காட்டு நவாபோடு சண்டைபோட்டுச் செத்தபோது அவனுக்கு 22 வயசுதான் என்பார்கள். குதிரையைப் பற்றிப் பாடினார்கள், ராணியைப் பற்றிச் சொன்னார்கள். அவனைப் பெற்றவள் ஒருத்தி இருந்திருப்பாளே, அவளைப் பற்றி யாராவது ஒரு வரி சொன்னார்களா?

சரி, விடு.

நீ ஜோத்பூர் போனபோது பெரியம்மா வீட்டில் என்னென்ன பேசினார்கள் என்று உனக்குத் தெரியும். பெண்பிள்ளைக்குக் குதிரை லாயத்தில் என்ன வேலை என்று கேட்டவர்களுக்கெல்லாம் நீ அனுப்பிய வீடியோவைத்தான் காட்டினேன். பிறந்து ஒரு மணி நேரத்தில் குட்டி தள்ளாடி எழுந்து நின்றதே, அது. பதினோரு மாதம் சுமந்து பெற்ற குட்டியை நக்கித் துடைத்துக்கொண்டிருந்த அந்தத் தாய்க் குதிரையின் தலைமாட்டில் நீ உட்கார்ந்திருந்தாய். மார்வாரிக் குதிரைக்குக் காது இரண்டும் உள்பக்கம் வளைந்து நுனி தொட்டுக்கொள்ளும் என்று இப்போது நம் தெருவில் எல்லோருக்கும் தெரியும். பால்காரர்கூட, "பாப்பா ஊர் குதிரை எப்படி இருக்கு" என்றுதான் விசாரிக்கிறார். நான் பெருமைப்படவில்லை என்று நினைக்காதே. வாயால் சொல்ல எனக்கு வராது, அவ்வளவுதான்.

ஆனால் ஒன்று கவனித்தேன். அந்தக் கறுப்பன், மூன்று வயசுக் குட்டி, முதுகில் சேணம் வைக்கவே விடாதே, அதைப் பற்றி ஒவ்வொரு போனிலும் பேசுவாய். இன்று கடிவாளத்தை ஏற்றுக்கொண்டான், இன்று என் எடையைத் தாங்கிக்கொண்டு நின்றான், இன்று பத்து அடி நடந்தான் என்று. அந்த ஊரில் பழைய ஆட்களுக்குக் கறுப்பு ஆகாது, நம் பாய் மாதிரியே சுழி எல்லாம் பார்ப்பார்கள் என்று சொல்லிச் சிரித்தாய். உனக்கே தலையில் இரட்டைச் சுழி, உன்னை யார் வாங்கினார்கள் என்று நான்கூடச் சொன்னேன். இப்போது ஒரு மாதமாகக் கறுப்பனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் கேட்டதற்கும் "இருக்கான்மா" என்றாய்.

வீடியோவிலும் வருவதில்லை. நெட் சரியில்லை என்கிறாய். நெட் சரியில்லாத ஊரிலிருந்துதான் பாலைவனத்தில் சூரியன் மறைவதை எல்லாம் அனுப்பினாய்.

இன்னொன்று, பேங்க் படிவம். உன் பெயரும் சேர்ந்திருக்கும் டெபாசிட்டைப் புதுப்பிக்க நீ கையெழுத்துப் போட்டு அனுப்பினாயே, அது திரும்பி வந்துவிட்டது. கையெழுத்து ஒத்துப்போகவில்லையாம். நானும் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். ஒத்துப்போகவில்லைதான். எழுத்தெல்லாம் இடதுபக்கம் சாய்ந்து, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை போட்டது போல இருந்தது. அப்பாவிடம் காட்டவில்லை. முத்திரை விட்டுப்போயிற்று என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நான் எதுவும் கேட்கவில்லை பார்.

பாகாயத்தில், சிஎம்சியின் மறுவாழ்வு மையத்தில் இருந்த வருஷங்களில் நான் பார்த்ததை எல்லாம் உன்னிடம் சொன்னதில்லை. தென்னை மரத்திலிருந்து விழுந்தவர்கள், பனை ஏறி விழுந்தவர்கள், கிணற்றில் விழுந்தவர்கள். முதுகெலும்பில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வு போய் வந்து படுத்திருப்பார்கள். எல்லாம் உன் வயசு, உனக்கும் இளைய வயசு. நாலாம் வகுப்புப் பேச்சுப் போட்டியில் டாக்டர் மேரி வர்கீஸைப் பற்றிப் பேசினாயே, 1954-ல் விபத்தில் கால் இரண்டும் செயலிழந்தும் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே ஆபரேஷன் செய்தவர் என்று கைதட்டல் வாங்கினாயே. எழுதிக் கொடுத்தது நான்தான். தைரியத்துக்கு எடுத்துக்காட்டாக எழுதிக் கொடுத்தேன். இப்போது நினைத்தால், அந்த விபத்துச் செய்தி அவர் வீட்டுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று அந்த ஒரு இடத்திலேயே மனசு நின்றுவிடுகிறது.

நாடே வைத்தியத்துக்கு நம் ஊருக்கு வருகிறது, பாப்பா. கடைப் பலகையில் வங்காளத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். ரயில் ரயிலாக வந்து காட்பாடியில் இறங்குகிறார்கள். இந்த ஊர்ப் பிள்ளை மட்டும் எங்கேயோ ஒரு ஊரில், எந்த டாக்டரிடம் காட்டினாளோ, கூட யார் இருந்தார்களோ. சும்மா சொல்கிறேன். பொதுவாகச் சொல்கிறேன்.

உன்னை ரயில் ஏற்றிவிட்டபோது ஒன்று சொன்னேன். ஒருமுறை விழுந்தாலும் சரி, மறுபேச்சுப் பேசாமல் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும், சத்தியம் பண்ணு என்றேன். நீ தலையாட்டினாய். அதை நீ மனசில் வைத்துக்கொண்டிருக்கிறாய் போலிருக்கிறது. ரயில் நகர ஆரம்பித்தால் அம்மாக்கள் வாயில் என்ன வருமோ அதெல்லாம் வரும். பாயும்தான் எத்தனை தடவை விழுந்திருப்பார். விழுந்த அன்றைக்கே ஏறக் கூடாது, குதிரையைப் புல்லுக்கு விட்டுவிட்டு நீயும் போய்ப் படு, இரண்டு பேருக்கும் பயம் தெளியட்டும் என்று யாரிடமோ அவர் சொல்லிக்கொண்டிருந்ததை நான் கேட்டிருக்கிறேன். அதைத்தான் நானும் சொல்கிறேன். வந்துவிடு என்று சொல்ல மாட்டேன். கறுப்பனை விற்றுவிடச் சொல் என்றும் சொல்ல மாட்டேன். அவன் பயத்தில் செய்திருப்பான், குதிரைக்குக் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் என்று நீதானே சொல்வாய். ஆனால் எலும்பு கூடுகிறவரை அவன் மேல் ஏறக் கூடாது. பொதுவாகச் சொல்கிறேன், யாருக்கு எலும்பு முறிந்தாலும்.

பார்சலில் கேழ்வரகு மாவு இரண்டு கிலோ, பிரண்டைத் துவையலை நன்றாக வதக்கிப் பாட்டிலில் போட்டது, முருங்கைக்கீரைப் பொடி, அப்புறம் ஆற்காடு மக்கன் பேடா. பேடா லாயத்தில் இருப்பவர்களுக்கும் சேர்த்து. மற்றது உனக்கு மட்டும். முள்ளு கத்திரிக்காய் கேட்டிருந்தாய், அங்கே வருவதற்குள் வாடிவிடும், தீபாவளிக்கு வரும்போது எண்ணெய்க் கத்திரிக்காய் செய்து தருகிறேன். களி கிண்ட உனக்கு இப்போது முடியாது, கிண்ட இரண்டு கையும் வேண்டும், அதனால் கஞ்சியாகவே காய்ச்சிக் குடி. பாட்டில் மூடியை லேசாகத்தான் மூடியிருக்கிறேன், டேப் சுற்றியிருக்கிறது. திறக்க யாரையாவது கூப்பிடு.

ஹெல்மெட்டை மறக்காதே. பழையதைத் தூக்கிப் போடு, ஞாபகத்துக்கு என்று ஆணியில் மாட்டி வைக்காதே. உன்னை எனக்குத் தெரியும்.

புதுப் படிவம் ஒன்றும் உள்ளே வைத்திருக்கிறேன். பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடத்தில் கையெழுத்து. உன் வழக்கமான கையாலேயே போடு. டெபாசிட்டுக்கு ஒன்றும் அவசரமில்லை, பேங்கில் கேட்டுவிட்டேன், இரண்டு மாதம் கழித்து அனுப்பினாலும் போதும்.

இப்படிக்கு,
அம்மா