புதிய ரக்பி பயிற்சியாளர்களுக்கான முதல் பயிற்சி: வரும் ஞாயிறு

அனைவருக்கும் வணக்கம்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு ரக்பி கற்றுத்தர முன்வந்துள்ள நம் முன்னாள் வீரர்களுக்கான பயிற்சி, வரும் ஞாயிற்றுக்கிழமை காலை 6.30 மணிக்கு நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கில் தொடங்கி, வெயில் ஏறுமுன் 9 மணிக்கு நிறைவுபெறும்.

1. புதியவர் ஒவ்வொருவருக்கும் அனுபவமுள்ள ஒருவர் முதல் ஆறு வாரங்களுக்குத் துணையாக இருப்பார். அவர் உடன் நின்று கவனிப்பாரே தவிர, பிள்ளைகள் முன்னிலையில் உங்களைத் திருத்தமாட்டார். பயிற்சி முடிந்த பின் தனியே பேசுவார்.

2. இம்முறை டேக்கிளுக்கே, அதாவது பந்துடன் ஓடிவருபவரைப் பிடித்து வீழ்த்துவதற்கே, அதிக நேரம் ஒதுக்கியுள்ளோம். சென்ற வாரம் ஒரு சிறுவன், பந்துடன் ஓடிவந்தவனின் முழங்காலுக்கு நேர் முன்னே தலையைக் கொடுத்ததைப் பார்த்துப் பதறிவிட்டேன். தோள் எதிராளியின் தொடையில் பதிய, தலை அவன் உடலுக்குப் பின்பக்கம் இருக்க வேண்டும். ஆகவே முதலில் முழங்காலிட்டும், பிறகு நடந்தும், அதன் பின்னரே ஓடியும் பழக்க வேண்டும்.

3. தலையில் அடிபட்டதோ என்ற ஐயம் எழுந்தாலே பிள்ளையை வெளியே அழைத்துவிடுங்கள். அன்று மீண்டும் களமிறக்கக் கூடாது.

4. உலக ரக்பி அமைப்பு இணையத்தில் இலவசமாக வழங்கும் பாதுகாப்புப் பாடத்தை முடித்துவிட்டு வாருங்கள்.

5. விசிலும் குடிநீரும் கொண்டுவரவும்.

வர இயலுமா என்பதை, பெயருடனும் ஊருடனும் வெள்ளி இரவு 8 மணிக்குள் இங்கேயே பதிவிடுங்கள். குளச்சல், மார்த்தாண்டம் பகுதியினருக்கு அருகிலேயே துணைப் பயிற்சியாளரை அமர்த்த அது உதவும்.